களையான பயிர்

கோடைப் பயிர் எப்படி இருக்கிறது என்பதைப் பயிரிட்டவரே சொல்வது முறையாகாது என்று மேலிடம் முடிவெடுத்தது. பெற்றவள் தன் பிள்ளையை என்றைக்குக் குறை சொல்லியிருக்கிறாள்? ஆகவே ஒரு பயிர் நிலைமை அலுவலர் நியமிக்கப்பட்டார். அவருடைய கண் போதாது என்று ஒரு கைப்பேசியும் வழங்கப்பட்டது.

அன்று காலை சோளக்காரி இடுப்பில் கைக்குழந்தையோடு வரப்பில் நின்றாள். சோளம் முற்றிக் காய்ந்து சலசலத்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். வருஷம் முழுக்க வீட்டில் உலை வைப்பது இந்த ஒரு துண்டு நிலத்தை நம்பித்தான். அறுப்பு மிஷின் வந்து உறுமிக்கொண்டு நின்றது. ஆனால் நலச்சான்று இல்லாத வயலில் மிஷின் இறங்கக் கூடாது. புது விதி.

“அக்கா, மதியத்துக்குள்ள ஆரம்பிக்கலேன்னா நான் அடுத்த வயலுக்குப் போயிடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க” என்றார் மிஷின்காரர்.

அலுவலர் வந்தார். அவர் சோளத்தைப் பார்க்கவில்லை, கைப்பேசிக்குக் காட்டினார். அது வீலென்று கத்தியது.

“மிக மோசம். பயிருக்குக் கடும் நோய்.”

“நோய் இல்ல சார், விளைஞ்சிருக்கு.”

“விளைஞ்சதுன்னு இதுல கட்டமே கிடையாதும்மா. பச்சைன்னா நன்று, மஞ்சள்னா மோசம். குணமானதும் அறுத்துக்கலாம்.”

“குணமாகிறதுன்னா?”

“பச்சையாகணும்.”

“பச்சையா இருக்கிறதை எதுக்கு சார் அறுக்கணும்?”

“அது வேற பிரிவு. நாங்க தலையிடறதில்ல.”

கிளம்பத் திரும்பியவரின் கை தாழ்ந்தது. வரப்போரத்துக் கோரைப்புல்லைக் கண்ட கைப்பேசி இனிமையாக மணியடித்தது.

“மிக நன்று! இப்படி ஒரு பயிரை வச்சுக்கிட்டா வாயைத் திறக்காம நிக்கறீங்க?”

“ஐயோ, அது களை...” என்றவளின் காலை மிஷின்காரர் மிதித்தார்.

“ஆமா சார். என்ன களையா இருக்கு பாருங்க!”

அலுவலர் நெகிழ்ந்துபோய், அங்கேயே சான்று எழுதினார்: ‘உயர்தரக் கோரையை நெருக்கி நிற்கும் சோளம் என்னும் நோய்ச்செடியை இயந்திரம் கொண்டு முற்றிலும் அகற்ற இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.’

கடைசி வரிசை முடியவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. மூட்டைகளை மூடிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையே பயந்துவிட்டது.

மறுநாள் கொள்முதல் கிடங்கில் சிரிப்பு அடங்கியது. “காகிதப்படி இது களை. பயிரைக் கொண்டாங்க” என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். வயிற்றெரிச்சலில் ஒரு கட்டுக் கோரையை அறுத்துக்கொண்டுபோய்ப் போட்டாள். முதல் தரம் என்று முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார்கள்.

அக்கம்பக்கம் எல்லாம் கைகொட்டிச் சிரித்தது. சிரித்து முடித்த கையோடு கோரை வளர்க்கப் போனது. உழ வேண்டாம், விதைக்க வேண்டாம். மிஷின்காரர்கூட மிஷினை விற்றுவிட்டுக் கோரைக்கு மாறினார். சோளக்காரி மட்டும் என்ன, சோளமா போடுவாள்? அடுத்த கோடை அறிக்கையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ‘மிக நன்று’.

அறிக்கையை அனுப்பிய மறுநாள், அலுவலர் ஒரு காலிப் பையோடு அவள் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, ஒரு படி சோளம் கிடைக்குமா? கடையில எங்கயும் இல்ல. வீட்ல பிள்ளைங்க பசிக்குதுங்குது.”

அவளுடைய கடைசி மூட்டை நேற்றுதான் காலியாகியிருந்தது.

“சோளமா? அது நோய்ச்செடியாச்சே சார். நீங்க எழுதினபடி ஒண்ணு விடாம எடுத்தாச்சு.”

அவள் காலடியில் குழந்தை உட்கார்ந்து கோரையை மென்றுகொண்டிருந்தது. உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் பச்சை.

குழந்தையின் பக்கம் தாழ்ந்திருந்த அலுவலரின் கைப்பேசி இனிமையாக மணியடித்தது.