தேக்காவில் நான் பிடித்த திருடன்

என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. லிஃப்டில் தெரியாதவர் யாராவது ஏறினால் நான் இறங்கிவிடுவேன். கிளமெண்டியில் எங்கள் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு, வெளி கேட்டுக்கு ஒன்று. மூன்றையும் அம்மா பூட்டிய பிறகு நான் எழுந்து போய் இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் பல்கலைக்கழகத்தில் எடுத்துப் படித்தது குற்றவியல்! குற்றத்தை நினைத்து மக்கள் ஏன் பயப்படுகிறார்கள், குற்றம் செய்தவர்கள் அதை எப்படி விடுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. (முதல் பாதிக்கு நான் வெளியே போய் யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும்.)

ஒரு மறுவாழ்வு அமைப்பு மூலமாக ஒருவர் பேசச் சம்மதித்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் மாமா என்றே சொல்கிறேன். ஏன் மாமா என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். அடுத்தவர் பை, பர்ஸ் என்று கை நீட்டி மூன்று முறை உள்ளே போய் வந்தவர். அதையெல்லாம் விட்டு ஆறு வருஷமாகச் சாங்கியில் வேலை. (அங்கே இருக்கிற சிறையை நினைக்காதீர்கள். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை.)

ஃபோனில் ஒரே ஒரு விஷயத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. ஆனா மகளும் கூட வருவா. அவங்க அம்மா இப்பதான் ஒரு மாசமா என்கூட அனுப்புறாங்க. என்னைப் பத்தி ஒரு புகார் வந்தாலும் அதோட சரின்னு சொல்லியிருக்காங்க. கொஞ்சம் பாத்துப் பேசுங்கம்மா."

"கவலையே படாதீங்க சார், நான் இதுக்குன்னே டிரெய்னிங் எடுத்தவ," என்றேன். அந்தத் திமிரை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தேக்கா உணவங்காடியில் சந்திப்பதாக ஏற்பாடு. முந்தின வாரம்தான் என் பேராசிரியை, "பேட்டி கொடுக்க வருபவரைப் பார்த்து நீயே பயந்தால் அவர் எப்படி மனம் விட்டுப் பேசுவார்?" என்று கேட்டிருந்தார். சரி, இன்றோடு பயத்தை விட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். ஞாயிறு மதியம் தேக்காவில் மேசை கிடைப்பது லேசா என்ன? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்தால் போதும், அந்த மேசை நம்முடையது, ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வீராவேசம் வந்து டிஷ்யூவுக்குப் பதிலாக என் பையையே வைத்தேன். உள்ளே மடிக்கணினி, குரல் பதிவுக் கருவி, கேள்வித்தாள் எல்லாம் இருந்தன. பிறகு டீ வாங்க வரிசையில் போய் நின்றேன்.

நின்றேனே தவிர கழுத்து பின்னாலேயேதான் இருந்தது. அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாரல் ஓர மேசைகள் மேல் அடித்தது, எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் நீலச்சட்டை போட்ட ஒருவர் என் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"திருடன்! திருடன்! என் பை!"

இரண்டு வருஷம் ஆங்கிலத்தில் குற்றவியல் படித்தவள், சுத்தத் தமிழில் கத்தினேன். அதுவும் தமிழர்கள் நிறைந்த தேக்காவில். ஒருத்தருக்காவது புரியாமல் இருந்திருக்குமா? அத்தனை தலையும் திரும்பியது. பிரியாணிக் கடை பாய் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

அந்த மனிதர் நடந்துகொண்டிருந்தது என்னை நோக்கித்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மஞ்சள் சுடிதாரில் வருவேன் என்று ஃபோனில் அவரிடம் நானேதான் சொல்லியிருந்தேன். பையில் தொங்கிய அட்டையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பை நனைகிறதே என்று எனக்காக எடுத்து வந்திருக்கிறார், பாவம்.

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டார். யாரும் அவரை அப்படி உட்காரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால், இரண்டு கையிலும் பாகு ஊற்றிய ஐஸ் துருவல், ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு, பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முகம் அப்படியே அவர் ஜாடை. பாத்துப் பேசுங்கம்மா என்று அவர் சொன்னது இதற்காகத்தானே.

"போலீஸக் கூப்பிடவா?" என்றார் பாய்.

"வேணாம்!"

"ஏன்? யாரு இந்த ஆளு?"

என்னவென்று சொல்வது? தெரிந்தவர் என்றால் எப்படித் தெரியும் என்பார்கள். என் ஆய்வுக்குப் பேட்டி கொடுக்க வந்தவர் என்றால், என்ன ஆய்வு என்பார்கள். வாய் தானாகத் திறந்தது.

"இவர் எங்க மாமா!"

"சொந்த மாமாவையா திருடன்னு கத்துன?"

"பாத்து ரொம்ப நாள் ஆச்சு பாய்..."

பாய் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் கிண்ணங்களை நிதானமாக மேசையில் வைத்துவிட்டு, "இவங்க என் கஸின்லா, அங்கிள். அக்காவுக்குப் பவர் ரொம்ப ஏறிடுச்சு. கண்ணாடி மாத்துன்னு சொன்னா கேக்கவே மாட்டாங்க," என்றாள். (எனக்கு அன்றுவரை கண்ணாடியே கிடையாது.)

காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா விடவில்லை. "படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, பெரியவரை இப்படியா அவமானப்படுத்துவ? மாமா கால்ல விழு!"

விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், தேக்கா உணவங்காடியில், ஈரத் தரையில், மஞ்சள் சுடிதாரோடு நெடுஞ்சாண்கிடையாக. "ஐயோ எந்திரிங்கம்மா, வழுக்கும்!" என்று அவர்தான் கையைப் பிடித்துத் தூக்கினார்.

பாய் மூன்று டீ கொடுத்தனுப்பினார். நான் டீயைத் தொடாமல் அழுதேன். மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பதிவுக் கருவி பைக்குள்ளேயே கிடந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்காமலே அவர் சொன்னார்:

"முன்னாடின்னா நீங்க கத்துன நிமிஷம் ஓடியிருப்பேன், தப்பு செஞ்சாலும் செய்யலைன்னாலும். இன்னிக்குக் காலு ஓடப் பாத்துச்சு. ஆனா நான் ஓடிட்டா இவ ரெண்டு கிண்ணத்தையும் வச்சுக்கிட்டுத் தனியா நிப்பாளேன்னு தோணுச்சு. அதான் உக்காந்துட்டேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "ஐஸ் கரையுது, சாப்பிடுப்பா," என்றாள்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அன்று அங்கே இருந்த யாராவது ஒருவர் அவள் அம்மா காதில் போட்டால் போதும், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அதற்குள் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் மகளும் அவள் அம்மாவும் இருக்கிற வீட்டுக்குப் போனேன். துணைக்கு என் அம்மா, கையில் ஆரஞ்சுப் பழம். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மகளின் அம்மா கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

"நீங்க கத்துனப்ப அவரு ஓடலையா?"

"இல்லைங்க."

"பிள்ளையை விட்டுட்டு ஓடலையா?"

"ஓடலைங்க. அப்படியே உக்காந்துட்டாரு."

அவர் ஆரஞ்சுப் பழத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "வாரம் தவறாம வரச் சொல்லுங்க," என்றார். லிஃப்டில் இறங்கும்போது என் அம்மாவும் அழுதார், நானும் அழுதேன். நடுவில் ஏறிய ஒருவர் எங்களைப் பார்த்துப் பயந்து அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்.

"ஊரறிய மாமா என்று சொன்னவரை நீ இனிமேல் பேட்டி எடுக்க முடியாது," என்று பேராசிரியை சொல்லிவிட்டார். என் ஆய்வேட்டில் மாமாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த தீபாவளிக்கு மாமாவும் மகளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அதற்கடுத்த தீபாவளிக்கு அம்மா அவர்களை அழைக்கவில்லை, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் கல்யாணத்தில் தாய்மாமனாக மாலை போட்டு நின்றது அவர்தான். மூன்று பூட்டுப் போடுகிற என் அம்மா, மணவறைக்குப் போகும் முன் நகைப்பையை யார் கையிலும் கொடுக்காமல் அவரைத் தேடிப் போய்க் கொடுத்தார். "அண்ணே, இதைக் கொஞ்சம் வச்சிருங்க."

இப்போது எங்கள் வீட்டில் யாருடைய பையை மாமா தூக்கினாலும் அவர் மகள் "திருடன்! திருடன்! என் பை!" என்று கத்துவாள். என் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். மாமா குந்தி உட்காருவதில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நேராக எங்களை நோக்கி நடந்து வருவார்.