மாமியாருக்குப் போட வேண்டிய அரிசி

உயிரோடு இருக்கும்போதே வாய்க்கரிசி வாங்கியவன் சிங்கப்பூரில் அநேகமாக நான் ஒருவன்தான்.

மாமியார் இறந்தபோது, அவருடைய ஒரே மகன் சேகர், அதாவது என் மனைவியின் தம்பி, மெல்பர்னில் கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்தான். விமானம் ஏற வழியில்லை. "அம்மா முகத்தையாவது காட்டுங்க மாமா. நீங்க வாய்க்கரிசி போடும்போது நானும் இங்கேருந்தே போட்டுக்கிறேன்" என்று போனில் அழுதான்.

"போன்லயே காட்டலாம்லா?" என்றாள் மனைவி சுமதி.

எனக்குப் பொறுக்குமா? (வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர்.) "கை ஆடும்மா. தனிக் கேமரா வைக்கிறேன், பளிச்சுனு தெரியும்" என்றேன்.

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமியாரின் சவப்பெட்டி ஒரு கோடியில். மின்சாரப் பிளக் மறுகோடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில். பிளக்கைப் பிடுங்கினால் என் மடிக்கணினி மூச்சை விட்டுவிடும். ஆகவே அதை லிஃப்ட் ஓரமே வைத்தேன். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய யூஎஸ்பி வயர்களை ஒன்றோடொன்று கோத்து, கேமராவை மட்டும் மாமியார் தலைமாட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வயர் ஐந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாதாம், எனக்குத் தெரியாது. மின்சார வயரை நீட்டிக் கணினியையே பெட்டியருகே கொண்டுபோயிருக்கலாம்; தோன்றவில்லை.

முதலில் படம் வந்தது. கேமராவைச் சரிசெய்யக் குனிந்தேன். அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது.

பிறகு சேகர் சொல்லித்தான் தெரியும். அவன் திரை முழுக்க என் முகம். பிளந்த வாய், குகை மாதிரி இரண்டு மூக்குத் துவாரம். "நகருங்க மாமா! அம்மாவ மறைக்கிறீங்க!" என்று அவன் கத்தியதைக் கேட்டவர் லிஃப்டுக்குக் காத்திருந்த சீனப் பெரியவர் ஒருவர்தான். அவர் கணினிக்குக் கையசைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

கணினியின் மைக் மட்டும் உயிரோடு இருந்தது. "வாய்க்கரிசி போடாதவங்க போட்டுடுங்க, பெட்டிய மூடணும்" என்று சடங்கு செய்பவர் உரக்கச் சொன்னது மெல்பர்ன்வரை கேட்டது. அதற்குமேல் சேகர் எங்கே காத்திருப்பது? கையில் வைத்திருந்த அரிசியை, அழுதுகொண்டே, திரையில் பிளந்திருந்த என் வாயில் போட்டுவிட்டான்.

நான் கணினிப் பக்கம் வந்து பார்த்தபோது வண்டி மண்டாய் சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் போனில் நான் இருமினால் போதும், சேகர் பிடித்துக்கொள்வான். "என்ன மாமா, அரிசி தொண்டையில மாட்டிக்கிச்சா? நான் என் கடமைய முடிச்சாச்சு, நீங்க எப்ப வேணா கிளம்பலாம்." சுமதி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்பான். "அம்மா முகம் எப்படி இருந்துச்சு மாமா?"

"நீ வாங்கிக் குடுத்த பச்சைப் புடவைடா. மூக்குத்திய கழட்டவே இல்ல..." என்று நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.