மங்கலாத் தெரிஞ்ச பெட்டி

பொய் சொல்லி வச்சிருக்கவன் வீட்டுக்கு நல்ல சாமான் வாங்கப்படாது. இந்தப் புத்தி எனக்கு எழுவத்திரெண்டு வயசுலதான் வந்துச்சு.

மருமவன், வீட்டுல எல்லாரும் படம் பாக்க புரொஜெக்டர் வாங்கணும்னு கடையில கேட்டு ரெண்டு பெட்டி கொண்டாந்தான். ரெண்டும் டிபன் பாக்ஸ் தண்டிதான். ஹார்பர்ல மூட்ட தூக்குனவன்லா நான், ரெண்டையும் கையில தூக்கிப் பாத்தேன். (உப்பு மூட்டயும் அப்பிடித்தான். நனஞ்சதுன்னா தோள்ல ஏறுன ஒடனே சொல்லிரும். சரி, அது வேற கத.)

"மாமா, எடையில ஒண்ணும் தெரியாது. ஓட்டிப் பாக்கணும்."

"அப்பம் கூட்டமா இருக்கதப் போடுங்க. கடைசியில நிக்கவன் மூஞ்சி தெரிஞ்சா அதான் நல்ல பெட்டி"ன்னேன், பெரிய நாட்டாம மாதிரி.

சன்னல்ல என் லுங்கிச் சாரத்தக் கட்டி, பட்டப்பகல இருட்டாக்குனோம். எனக்குப் பிடிக்குமேன்னு அவன் செல்லுல இருந்து கீழவைப்பார் பக்கம் நடந்த மாட்டுவண்டிப் பந்தயத்தப் போட்டான். "வேற எதாச்சும் போடுங்களேன்"ன்னேன், அவன் காதுல விழல.

அந்தப் பந்தயத்தன்னைக்குத்தான் எம் பொஞ்சாதி சொர்ணம் என்னைய ஆத்தூருக்குத் துட்டி கேக்க அனுப்புனா. அவ சித்தி மவளோட மாமனார் தவறிட்டாரு. இவளுக்கு முட்டுவலி, வர முடியல. ஆத்தூர் தெக்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒழுங்காத்தான் போனேன். அங்கன காலு வடக்க, பந்தயத்துக்குத் திரும்பிட்டு. வீட்டுக்கு வந்து, "ஏளா, எனக்கே அழுவ வந்துட்டு"ன்னு வேற சொல்லி வச்சிருந்தேன்.

மொதப் பெட்டியில கூட்டம் குழஞ்ச சோறு மாதிரி தெரிஞ்சுது. உசுரு வந்துச்சு. ரெண்டாவதப் போட்டான். டிராக்டர் மேல ஒரு கெழவன் துண்டச் சுத்தி ஆடுதான். வாயில மிச்சமிருக்க பல்ல எண்ணிரலாம்.

"மொதப் பெட்டிதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதையே எடுங்க மாப்ள."

"மாமா, நீங்கதான மூஞ்சி தெரியணும்னிய?"

பின்னால உக்காந்து பாத்துக்கிட்டிருந்த சொர்ணம் எந்திரிச்சு செவத்துப் பக்கம் போனா. என் மூஞ்சி அவ முதுவுல விழுந்து ஆடிச்சு.

"மாப்ள, அந்தச் சட்ட நான் துட்டிக்குன்னு தேச்சுக் குடுத்தது"ன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதுதான் நீங்க அழுத அழுவையா?"

மறுநாளே முட்டுவலியோட என்னைய ஆத்தூருக்கு இழுத்துட்டுப் போனா. "இப்பமாவது வந்தியளே அத்தான்"னு அந்தச் சித்தி மவ சொல்லவும், நான் மெய்யாவே அழுதுட்டேன். பாதி வெக்கம், பாதி சொர்ணத்துக்குப் பயந்து.

பளிச்சுன்னு தெரிஞ்ச பெட்டியத்தான் வாங்குனோம். இப்பமும் எங்கயாவது துட்டின்னு போன் வந்தா, சொர்ணம் சட்டயத் தேச்சு கையில குடுத்துட்டு சொல்லுவா:

"போயிட்டு வாங்க. பெட்டி வீட்டுலதான் இருக்கு."