அயர்லாந்துக்கே ஐரிஷ் சொன்னவர்

வேர்ச்சொல் வேட்டைக்காரர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. எங்கள் பேட்டையான போட்டாதாங் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் ஒருவர் அகப்படுவார். தண்ணீர் கேட்டால் அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்வார். தாகமா? அது உங்கள் பாடு.

எங்கள் தெரு சிலுவைமுத்துவை இப்போது கெல்டிக் மொழிகள், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழைய பாஷைகள், பிடித்து ஆட்டுகின்றன. விஸ்கி ஐரிஷ்காரன் சொல், ஸ்லோகன் ஸ்காட்லாந்து மலைக்காரன் சொல், ட்ரௌசரும் அந்த வம்சம்தான் என்று, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேநீர் ஆறுவதையும் மறந்து, எதிரே இருந்தவர் எழுந்து போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார். தெருவில் நல்ல ஆங்கிலம் அவருக்குத்தான். அதுதான் வினை.

படுத்த படுக்கையான தாயை மூன்று வருடம் பார்த்துக்கொண்டவள் என் பக்கத்து அறைக்காரி ஆன்மேரி. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு, நாலு மணிக்கு வீடியோ நேர்காணல். ஐந்துக்குக் கரண்ட் போய்விடும். மூன்று மணிக்கே சிலுவைமுத்துவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்; துணைக்கு நானும் இருந்தேன்.

"அங்கிள், 'இந்த வேலைக்கு ஏன் வரீங்க'ன்னு கேப்பாங்க. என் பதிலை மட்டும் திருத்திக் குடுங்க."

"அயர்லாந்தா! அப்ப மொதல்ல கெல்டிக் தெரியணும்மா. சொல்றேன் கேளு."

கேட்டாள். நாலு மணி வரை கேட்டாள்.

திரையில் ஓர் ஐரிஷ் அம்மாள் வந்தார். எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். ஆன்மேரி, "என் அம்மா..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியதும், பக்கவாட்டிலிருந்து ஒரு தலை நீண்டது. விஸ்கி உங்கள் பாஷைச் சொல்தானே, மேடம்? அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பாடம் தனக்கு ஏறவே இல்லை என்றார். விடுவாரா நம்மவர்? அந்த அம்மாளின் பாட்டன் பாஷையை அந்த அம்மாளுக்கே நடத்தத் தொடங்கினார். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. அந்த அம்மாள் மணியைப் பார்த்து, அடுத்தவர் காத்திருக்கிறார், மன்னிக்கவும் என்று போய்விட்டார்.

ஆன்மேரி தாயைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடமும் சொல்லப்படாமலே போனது. எனக்கு அவரை அறையத் தோன்றியது.

"நல்லாப் போச்சும்மா. அந்தம்மா சிரிச்சாங்க பாத்தியா?" என்றார் சிலுவைமுத்து.

ஆன்மேரி செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

சரி வாசகரே, இப்போது நீங்கள் ஏதோ கேட்க வாய் திறந்தீர்களே, என்ன அது? அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்றா? இல்லை, அவர் சொன்னதெல்லாம் நிஜமாகவே கெல்டிக்தானா என்றா? மெதுவாகச் சொல்லுங்கள். ஆன்மேரி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.