இன்னும் ஆறே மாதம்

ஆறுமாதக்காரர் என்றோர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். தொழிற்பேட்டை உள்ள ஊர் என்றால் தெருவுக்கு ஒருவர். அடையாளம் சொல்கிறேன். வாசலில் கம்பெனிப் பலகை பளபளக்கும். உள்ளே மேசைமேல் ஏதோ ஓர் இயந்திரம் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு கிடக்கும். இது எப்போது ஓடும் என்று கேட்டுப்பாருங்கள். கொஞ்சமும் கூச்சப்படாமல், "இன்னும் ஆறே மாசம்" என்பார். போன வருஷமும் இதையேதானே சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பாவம், மனசு நொந்துபோவார்.

எனக்குத் தெரிந்த ஆறுமாதக்காரர் செய்தது, தானாக நகரும் தள்ளுவண்டி. ரோபோ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் மானியம் அறிவித்த வாரத்தில் பிறந்த வண்டி. வண்டி ஒன்றுதான், பெயர்தான் வருஷத்துக்கு ஒன்று. முதல் அறிவிப்பில் 'தானியங்கி' என்று இருந்தது, வண்டியும் தானியங்கி ஆயிற்று. அடுத்த அறிவிப்பில் 'செயற்கை நுண்ணறிவு' என்று வந்தது. வண்டியின் நெற்றியில் ஒரு கேமராவை ஒட்டி அறிவைப் புகட்டினார். அதற்கடுத்த வருஷம் 'பசுமைத் தொழில்நுட்பம்' என்று வந்ததே, அப்போது என்ன செய்திருப்பார் என்கிறீர்கள்? பச்சை பெயின்ட் அடித்தார். மானியமும் கிடைத்தது.

மோசடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனுஷர். பெண்டாட்டி சொல்வதைக்கூடக் காதில் வாங்குவார், அந்த நேரத்தில் மானிய அறிவிப்பு எதுவும் வராமல் இருந்தால். வருஷம் ஒருமுறை ஆய்வுக்குழு வரும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கோப்பு, முகத்தில் மணவீட்டுக் களை. வண்டி புறப்படும், பத்தடி போகும், இடப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டி நிற்கும். அந்த முட்டலில்தான் சூட்சுமமே இருக்கிறது. வண்டி அசையவே இல்லையென்றால் குழுவுக்கு நம்பிக்கை போய்விடும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டாலோ, ஆராய்ச்சி முடிந்ததென்று மானியம் நின்றுவிடும். பத்தடியும் ஒரு சுவரும்தான் பாதுகாப்பு. "பாதை அறிவதில் சிறு சிக்கல், இன்னும் ஆறே மாசம்" என்பார். குழுவும் தலையாட்டி எழுதிக்கொண்டு போகும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவர் அவருடைய மச்சான். எலக்ட்ரீஷியன், மானிய விண்ணப்பம் ஒன்றைக்கூடப் படித்தறியாதவர். ஓர் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு விட்டிருந்த வண்டியை, சும்மா ஒரு நடை பார்த்துவிட்டு வரச் சொல்லி ஆறுமாதக்காரர் அனுப்பினார். மச்சான் குனிந்து பார்த்தார். இடது சக்கரம் வலது சக்கரத்தைவிட ஒரு விரல் சின்னது! ஐந்து வருஷமாக அத்தனை அறிக்கை எழுதியும் ஒருவரும் குனியவில்லை. மச்சான் அளவாக ஒரு சக்கரம் வாங்கி மாட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது.

அன்றிலிருந்து மூன்று மாதமாக, அங்கே சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் ஈரத்துணி மூட்டைகளை நீளத் தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை அதுதான் சுமந்தது. அந்த அக்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தள்ளக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளாவிட்டால் வேலை இல்லை. வண்டி முழுமை பெற்றது என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியும் கேட்டது. ஆறுமாதக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. முழுமை பெற்றதா? அப்புறம் அவர் என்ன செய்வார்?

குழு வருவதற்கு முதல் நாள் மச்சானைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பழைய சக்கரத்த எங்க வச்சிருக்க?"

"எதுக்கு மாமா?"

"வண்டி இப்படி நேரா ஓடினா, ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"முடிஞ்சிருச்சே மாமா."

பழைய சக்கரத்தை ஆறுமாதக்காரரே தேடியெடுத்து, அவரே உட்கார்ந்து மாட்டினார். ஐந்து வருஷத்தில் அந்த வண்டியில் அவர் கைப்பட ஸ்பானர் பிடித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வண்டி பத்தடி போயிற்று, இடப்பக்கம் திரும்பிற்று, சுவரில் முட்டிற்று. குழுவுக்குப் பரம திருப்தி. இன்னொரு வருஷம் நீட்டித்தார்கள். எல்லோரும் போன பிறகு அந்த அக்கா தயங்கித் தயங்கி வந்தார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் ஓடிச்சு. எனக்கு எப்ப திரும்பத் தருவீங்க?"

"இன்னும் ஆறே மாசம்தாம்மா" என்றார். உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். அந்த அக்கா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பழைய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் பல்லைக் கடிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். முடிக்க முடிந்தும் முடிக்காமல், மெருகேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் கட்டிக் காக்கும் வேலை ஒன்று இருக்குமே, அது எந்த நிலையில் இருக்கிறது? அதற்காக யாரோ ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று ஒருதரம் எட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய சக்கரம் பத்திரமாக இருக்கும்.