முழங்கையில் குடியிருப்பவன்

லைல் பெடர்சன் நேராகத்தான் எறிந்தான். பந்துதான் நேராகப் போகவில்லை.

பாதி தூரம் ஒழுங்காகப் போன பந்து, எதையோ மறந்துவிட்டதுபோல் அந்தரத்தில் ஒரு கணம் தயங்கியது. பிறகு, இருட்டில் படி இருப்பது தெரியாமல் கால் வைத்தவன் மாதிரி பொதுக்கென்று இறங்கி, அதைப் பிடிக்க உட்கார்ந்திருந்த ரூபென் ஒகாம்போவின் முழங்காலைப் பதம் பார்த்தது.

ரூபென் முகக்கவசத்தைக் கழற்றினான். "எவன்டா உனக்கு இந்தப் பந்தைச் சொல்லிக் கொடுத்தான்?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலடா. நேராத்தான் போட்டேன்."

"நேராவா? என் முட்டியைக் கேட்டுப் பாரு."

நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் பேஸ்பால் அணியில் லைல் கடைசி வருடப் பந்து வீச்சாளன். நல்ல பையன், சுமாரான வீச்சு. போன வருடம் முழங்கையில் தசைநார் அறுந்துபோனது. "உன் உடம்புல இருந்து எடுத்து வைக்கலாம்னு பார்த்தா, மணிக்கட்டு நார் தேறாதுபோல இருக்கு. இறந்தவங்க தானமாக் கொடுத்த நாரைத்தான் வைக்கணும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். லைலும் தலையாட்டினான். முழங்கையிலும் மணிக்கட்டிலும் போட்ட தையல் காய்ந்து, மாதக்கணக்கில் ஓய்வெடுத்து, இன்றுதான் மறுபடி பந்து வீசும் மேட்டில் ஏறியிருக்கிறான்.

"அப்ப சரி," என்றான் ரூபென், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "இது அவன் போட்ட பந்து."

"எவன்?"

"உன் முழங்கையில குடியிருக்கிறவன்."

ரூபென் சிரித்தான். லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. எறிவதற்கு முன்னால் அவன் கை, அவனைக் கேட்காமலே, பந்தைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்திருந்தது. முட்டை கூமுட்டையா என்று பார்ப்பார்களே, அப்படி. அந்தப் பழக்கம் அவனுக்கு ஜென்மத்தில் இருந்ததில்லை.

கோச் ஹார்ம்ஸிடம் போய்ச் சொன்னான். கோச் சூரியகாந்தி விதையை மென்று துப்பினார்.

"அந்தப் பந்தை எவனாவது அடிச்சானா?"

"இல்ல கோச். ஆனா அதைப் போட்டது நான் இல்ல."

"நீ போட்டப்ப எல்லாரும் அடிச்சாங்க. இனிமே அவனே போடட்டும். சனிக்கிழமை மேட்ச்சுல நீதான் ஆரம்பிக்கிறே."

சனிக்கிழமை மேட்டில் நின்றதும் லைலுக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் கை இது? பல்லைக் கடித்துக்கொண்டு, தன் சொந்த நேர்ப்பந்தைத் தன் இஷ்டப்படி வீசினான். எதிரணிக்காரன் அதை வேலிக்கு அப்பால் அனுப்பினான். அது கோச்சின் வண்டிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

"டேய் பெடர்சன்!" கோச்சின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. "அவனைக் கூப்பிடுடா!"

அதன் பிறகு கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எதிரே, அவன் ரொம்ப நாளாகப் பேச நினைத்துக்கொண்டிருந்த கிர்ஸ்டன் உட்கார்ந்திருந்தாள். பீன்ஸ் குழம்புக்குப் பக்கத்தில் இருந்த, லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியை அவன் கை எடுத்தது. வாய்க்குக் கொண்டுபோகவில்லை. காதருகே வைத்துக் குலுக்கியது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் கிர்ஸ்டன். பதிலுக்குக் காத்திராமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, அவன் அம்மா பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் லைலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்தார். அதில் கை இன்னும் தெம்பாகிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் ஒருவனாலும் பந்தைத் தொடக்கூட முடியவில்லை. பார்வையாளர்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சோளக்காட்டுக் காற்று மட்டும் கேட்டது. மட்டை பிடித்து நின்ற ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டு ரூபெனிடம் கேட்டான்: "உங்க ஆளு அங்க யாரோட பேசிக்கிட்டு இருக்கான்?"

லைலுக்குத் தான் பேசிக்கொண்டிருந்ததே தெரியாது.

ரூபென் அன்றைக்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து துழாவினான். லைலுக்கு அறுவைச் சிகிச்சை நடப்பதற்குச் சற்று முன்னால், வேறொரு கல்லூரியின் பந்து வீச்சாளன் கார் விபத்தில் போயிருந்தான். டேரன் ஷூல்ட்ஸ். கடைசி நேரத்தில் கீழே விழும் பந்துக்குப் பேர் போனவன் என்று செய்தியில் போட்டிருந்தது.

"கிடைச்சுட்டான்," என்றான் ரூபென். இப்போது அவனும் சிரிக்கவில்லை.

டேரனின் அம்மா மார்வாவுக்கு லைல் ஃபோன் செய்தான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அம்மா, நான் பேஸ்பால்ல பந்து வீசுறேன். முழங்கையில வேற ஒருத்தரோட நார் வெச்சிருக்காங்க. ஒரு தடவை வந்து பார்க்கிறீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்தப் பக்கம் உட்கார்ந்தா வெயில் அடிக்காதுப்பா?" என்று கேட்டாள்.

வந்தாள். உயரமான, நரைத்த பெண். லைல் பந்தைக் காதருகே கொண்டுபோனபோது, அவள் எழுந்து வந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதை அவன் பார்த்தான். ஆட்டம் முடிகிற வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.

"சின்னப் பிள்ளையில இருந்து அவனுக்கு இந்தப் பழக்கம்," என்றாள் பிறகு. "பந்துக்குள்ள யாரோ இருக்காங்கன்னு சொல்லுவான்."

லைல் தன் கையைப் பார்த்தான். ஃபோனில் அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"தொட்டுப் பார்க்கட்டுமா?"

நீட்டினான். அவனைக் கேட்காமலே எதையாவது குலுக்கிக்கொண்டிருந்த கை, அவள் விரல் பட்டதும் அடங்கியது.

"எல்லாத்தையும் கொடுத்துட்டேன்ப்பா. கண்ணு, எலும்பு, தோலு. எங்கெங்க போச்சுன்னு கேக்கல. கேட்டா தேடிப் போயிடுவேன்னு பயம்."

அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்தையும் அவள் விடவில்லை. உண்மையான தொல்லையும் அப்போதுதான் ஆரம்பித்தது.

"டேரன், தோளை இறக்கு!" என்று வேலியோரத்திலிருந்து கத்துவாள். லைல் யோசிப்பதற்குள் தோள் இறங்கிவிடும். அந்தக் கையால் பீர் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. தொடர்ந்து ஜெயிக்கிறவனிடம் கிர்ஸ்டன் மறுபடி பேச வந்து ஆசையாகக் கையைப் பிடித்தபோது, மார்வா குறுக்கே வந்தாள்.

"இடது கையைப் பிடிச்சுக்கோம்மா. அவன் தூங்கட்டும்."

கோச் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார். அணியில் எவனும் லைலின் வலப்பக்கம் உட்காரவில்லை. லைலை "நீ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ரூபென், தன்னையறியாமல் "நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

சீசன் முடிகிற சமயத்தில் தொழில்முறைக் குழு ஒன்றின் ஆள் வந்து உட்கார்ந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் லைலின் கையைக் குலுக்கினார். "எங்களோட வந்துடு தம்பி. அதுக்கு முன்னால அந்த முழங்கையை மட்டும் ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டிடு."

சின்ன வயதிலிருந்து லைல் கேட்க ஏங்கிய வார்த்தை அது. சந்தோஷப்பட முடியவில்லை. மார்வாவின் காருக்குப் போனான்.

"இது உங்க பையனுக்கு வந்த வாய்ப்பும்மா. என் பேர்ல நான் எப்படி எடுத்துக்கிறது?"

மார்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு அந்தக் குழுன்னா உசுரு. தனியா அனுப்ப முடியாதுல்ல. நீயும் கூடப் போ."

ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அறுவைச் சிகிச்சையன்று இருந்த அதே நர்ஸ், பெட்டினா என்ற குண்டுப் பெண், படம் எடுத்துத் திரையில் காட்டினாள். எல்லாம் பிரமாதமாகச் சேர்ந்திருக்கிறது என்றாள். கறுப்பு வெள்ளை நிழல்களுக்கு நடுவே மெல்லியதாக ஒரு கோடு தெரிந்தது.

மார்வா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். லைலின் வலது கை அவள் மடியில் இருந்தது.

"இதுல என் பையன் எங்கம்மா இருக்கான்? கொஞ்சம் காட்டேன்."

பெட்டினா புரியாமல் பார்த்தாள். லைல் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். அவள் பழைய விவரங்களைத் திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். லைலின் விரல்கள், அவன் கேட்காமலே, மார்வாவின் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.

பெட்டினா திரும்பி, பாரத்தை இறக்கி வைக்கிறவள்போல் வாஞ்சையாகச் சிரித்தாள்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? கையைத் திறந்து பார்த்தப்ப தம்பியோட மணிக்கட்டு நாரே நல்லா இருந்துச்சு, அதையே எடுத்து வெச்சுத் தெச்சுட்டாங்க. இந்தக் கையில வேற யாருமே இல்லம்மா."