ஒன்பதே பிள்ளைகள்

எப்படி எண்ணினாலும் பதினொன்று வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் கூலிக் குடும்பங்கள் இருக்கும் லயத்தை மூன்று முறை சுற்றி, மரத்தில் தொங்கிய பயலைச் சேர்த்தும் விட்டும் எண்ணிப் பார்த்தார். பிள்ளைகள் குறைகிற வழியாக இல்லை.

புதுச் சட்டம் அப்படி. ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அங்கே துரைக்குப் படிப்பின் மேல் கோபமில்லை, தனியாகக் கட்டடம் எழுப்பத்தான் மனமில்லை. பத்துப் பேர் இருந்தால் கிராணிக்கென்று கட்டிய புது வீட்டில் பள்ளி, ஒன்பது என்றால் கிராணி குடிபோகலாம் என்று சொல்லிவிட்டார். தகரக் கூரை, பலகைத் தரை. ஐந்து வருடமாக ஒழுகுகிற அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் சட்டி வைத்துக் காலம் தள்ளுகிற மனிதருக்கு இது சின்ன விஷயமா?

முதலில் பால் வெட்டும் சன்னாசியின் இரண்டு பிள்ளைகளை லகாட்டிலிருந்த அவர்களுடைய சித்தப்பா வீட்டுக்கு விருந்தாட அனுப்பினார். ஒன்பது. நாலாம் நாள் சித்தப்பா அந்த இரண்டோடு தன் மூன்றையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இங்கே பள்ளிக்கூடம் திறக்கப்போவதாக அவருக்குச் சேதி வந்ததாம். இனி இங்கேயே பால் வெட்டப்போவதாகவும் சொன்னார்.

ஆக, பதினான்கு.

அடுத்து சதாசிவம் பேனாவை எடுத்தார். பெயர்ப் புத்தகத்தில் மூன்று பேரை ஆறு வயதாக்கினார், இரண்டு பேரைப் பதினைந்தாக்கினார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் ஆள்பெயர் கூப்பிடும்போது, பால் வெட்டுகிற நல்லம்மாள் தன் பன்னிரண்டு வயது மகனைத் துரைக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இவனுக்குப் பதினஞ்சு வயசுன்னு எழுதிட்டீங்களாமேங்க. அப்ப பெரியாளு சம்பளமே போட்டுருங்களேன்."

துரை முறைத்தார். எழுதியதை எல்லாம் அடிக்கவேண்டியதாயிற்று. கைநாட்டு வைக்கிற நல்லம்மாளுக்குப் புத்தகத்தில் இருப்பது எப்படித் தெரிந்தது என்பதுதான் கிராணிக்கு விளங்கவில்லை.

சோற்றில் கை வைத்துக்கொண்டு மனைவி மங்களத்திடம் புலம்பினார். எந்தத் திட்டமானாலும் அவளிடம் ஒப்பித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவளும் பாவம், உச்சுக்கொட்டிக் கேட்டாள். நம்ம பாப்பாவுக்காவது ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்களேன் என்றாள். கிராணி மகள் எழுதிப் படித்து யாரை ஆளப்போகிறாள் என்று அவர் சிரித்துவிட்டு மோர் கேட்டார்.

பிள்ளைகளை எண்ணிப் போக லேபர் ஆபீஸ் துரை வருகிற அன்று ஐந்து பிள்ளைகளைக் கங்காணி பத்துமலையோடு ரப்பர்க் கொட்டை பொறுக்க மலையோரத்துக்கு விரட்டினார். மிச்சமிருந்தவர்களை ஆபீஸ் வாசலில் வரிசையாக நிறுத்தினார். லேபர் துரை சென்னையில் தமிழ் படித்துவிட்டு வந்தவர். விரலை நீட்டி நிதானமாக எண்ணினார்.

"ஒன்பது."

சதாசிவம் மனத்துக்குள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிவிட்டார். அப்போதுதான் எண்ணெய் வைத்துப் படியச் சீவி, ரிப்பன் கட்டிய ஒரு பெண் குழந்தை ஓடிவந்து வரிசையின் கடைசியில் நின்றது.

"ஐயா, இது எம் மகளுங்க. இதெல்லாம் கணக்குல சேராதுங்க."

லேபர் துரை யோசித்தார். "இச்சிறுமி எங்கே வசிக்கிறாள்?"

"இந்தத் தோட்டத்துலதாங்க. ஆனா நாங்க கிராணி வீடு…"

"வயது?"

பாப்பாவே ஒன்பது என்று சொன்னாள். துரை பிள்ளைகள் பத்து என்று எழுதிக் கீழே கோடு போட்டார். சதாசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து மகளின் காதோடு, யார் அவளை அங்கே வரச் சொன்னது என்று கேட்டார்.

"அம்மாதாம்ப்பா. லகாட்டுக்குச் சொல்லியனுப்பிப் பாத்தாங்க, நல்லம்மாக்காவ ஏவி விட்டுப் பாத்தாங்க, நீங்க எதுக்கும் மசியலயாம், அதான் இன்னிக்கு என்னயே அனுப்பிட்டாங்க."